சோம்பல் என்று சொல்லாதீர்கள்



ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வயது ஐம்பதைத் தாண்டியவள். சிறுவயதில் போலியோ கண்டு ஒரு கால் மெலிந்தவள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அந்தக் காலோடுதான் முல்லைத்தீவை விட்டு நடந்தாள். 2009க்குப் பின் திரும்பி வந்து வளவைத் துப்புரவாக்கிக் குடியேறினாள். அன்று சளைக்காதவள், இன்று இரண்டு வாளி தண்ணீர் அள்ளியதும் திண்ணையில் சாய்கிறாள். நல்ல காலும் சோர்கிறது என்கிறாள். "வேலைக்குக் கள்ளம்" என்கிறார் மாமி.

கள்ளமில்லை சகோதரிகளே! போலியோக் கிருமி முள்ளந்தண்டிலுள்ள நரம்புக் கலங்கள் சிலவற்றை அழித்துவிடுகிறது. எஞ்சியவை புதுக் கிளைவிட்டு, அநாதையான தசைநார்களையும் தாங்குகின்றன. பல பத்தாண்டுகள் இரட்டைச் சுமை சுமந்த பின் அவையும் களைத்துப் போகின்றன. கிருமி மீண்டும் வந்துவிட்டதென்று அஞ்ச வேண்டாம்; இது தொற்றாது.

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993இல். யுத்த காலத்திலும் துப்பாக்கிகளை ஓயவைத்துச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2014இல் நமது பிராந்தியமே போலியோ அற்றதென உறுதிசெய்யப்பட்டது. நோய் போனது, தப்பியவர்களின் களைப்பு மிஞ்சியிருக்கிறது.

இதனை அடியோடு மாற்றும் மருந்து இல்லை. ஆனால் வழி உண்டு. களைத்து விழுந்த பின்னல்ல, களைக்கும் முன்பே ஓய்வு வேண்டும். காய்கறியை இருந்துகொண்டே நறுக்கலாம். பாரமான வேலையை நாள்களுக்குப் பங்கிடலாம். அளவான அப்பியாசம் நன்று. வலிக்க வலிக்கச் செய்வது தீது. இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு போன்றவையும் களைப்புத் தரும். ஆகவே முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

காலையில் தெளிவாயிருந்து மாலையில் இமை சரிந்து, பேச்சுக் குழறினால் அது வேறொரு நரம்புத்தசை நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் ஒரு நிமிடமும் தாமதியாதீர்கள்.

நிற்க முடியாதவர் இருந்து தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. அல்லாஹ் தந்த சலுகையை அடுப்படியில் நாம் மறுக்கலாமா?

இன்றைக்கே அவளுக்கொரு கதிரையை அடுப்படியில் கொண்டுபோய் வையுங்கள். வாளியை நீங்கள் தூக்குங்கள்.