கடலுக்கும் மதிலா?

மேற்கிந்தியத் தீவுகள் என்கின்ற பெயரே ஒரு தப்பின் ஞாபகச் சின்னமாகும். 1492-ல் கொலம்பஸ் என்பவர் இந்தியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டதால் வந்த பெயர், தப்பென்று தெரிந்து பல நூறு வருஷங்களாகியும் நிலைத்திருக்கின்றது. பெயர் கிடக்கட்டும். அத்தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று சட்டமாகவே இருந்து வருவதைப்பற்றித்தான் இங்கு சொல்ல வந்தோம்.

ஜமைக்காவின் தென்கரையில், செயிண்ட் எலிசபெத் ஜில்லாவில், டிரெஷர் பீச் என்று ஓர் இடம் உண்டு. சில சிறு குடாக்களை ஒட்டிய மீன்பிடி கிராமங்கள் சேர்ந்த இடம் அது. மாண்டிகோ பே விமான நிலையத்திலிருந்து மோட்டாரில் இரண்டு மணி நேரத்திற்குமேல் போகவேண்டும். மழை குறைவு, செம்மண் பூமி. அங்குள்ள குடியானவர்கள் காய்ந்த புல்லை வெட்டிவந்து நிலத்தின்மேல் பரப்பி, ஈரம் ஓடிவிடாமல் காத்து, தர்ப்பூசணியும் தக்காளியும் விளைவிக்கின்றார்கள். யாகம் செய்து வராத ஈரம் புல்லினால் நிற்கின்றது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அங்கே ஒரு குடும்பம் குழந்தை குட்டிகளோடு பத்து நாள் தங்குவதென்றால் உள்ளூராரின் வீடுகளும் சிறு விடுதிகளும் வாடகைக்குக் கிடைக்கும். படகு கரையேறியதும் மீன் வாங்கலாம். மரவள்ளிக்கிழங்கை அரைத்துத் தட்டிச் சுட்ட 'பாமி' என்கின்ற அடையும் கிடைக்கும். அலை கடுமையான நாளில் குழந்தைகளை எந்தக் குடாவில் இறக்கலாம், எங்கே இறக்கக்கூடாது என்பதை அங்குள்ள மீன்பிடிப்பவரைக் கேட்டால் சொல்லுவார். வந்த பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் ஒரே மணலில் விளையாடலாம். கொடுத்த காசும் மீனவன், குடியானவன், சமைத்தவள், மோட்டார் ஓட்டியவன் என்று அந்த ஊரிலேயே சுற்றும்.

வடகரைக்குப் போனாலோ சங்கதி வேறு. அங்கே பெரிய ஓட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. தங்க, தின்ன, குடிக்க எல்லாவற்றிற்கும் முன்பணம் கட்டிவிட்டு உள்ளே போனால் வெளியே வரவேண்டிய அவசியமே இல்லை. சுற்றிலும் மதில், வாசலில் காவல். அந்நாட்டு மனிதன் படுக்கை விரிக்கவும் தட்டுக் கழுவவும் அவ்வாசலுக்குள் போகலாம். தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடலில் குளிக்கப் போக முடியாது. இதற்கு இடம் கொடுப்பது 1956-ம் வருஷத்துக் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டமாகும். வெள்ளைக்கார ஆட்சியில் செய்யப்பட்ட அச்சட்டம் கடலோரத்தின் உரிமையை அரசின் கையில் ஒப்படைத்ததே ஒழிய, கடலில் குளிக்கும் பொது உரிமையை ஜனங்களுக்குக் கொடுக்கவில்லை. 1962-ல் சுதந்திரம் வந்தது. கொடி மாறிற்று, சட்டம் மாறவில்லை. அண்மை வருஷங்களில் ஜனங்கள் கோர்ட்டு வரை போய்ப் போராட வேண்டியதாயிற்று.

இந்த ஜனங்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார்தான் பெரும்பாலோர். 1838-ல் பூரண விடுதலை வந்தபோது, பிரிட்டிஷ் அரசாங்கம் தன் குடியேற்ற நாடுகளிலிருந்த அடிமை முதலாளிகளுக்கு 2 கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியிருந்தது. அடிமைக்கு ஒரு காசும் இல்லை, ஒரு முழ நிலமும் இல்லை. 1845 முதல் இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று ஏடு படித்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, வயிற்றுக்கில்லாதவன் கடல் தாண்டிப்போய்க் கரும்பு வெட்டினான். இவ்வளவு பேருடைய உழைப்பில் உண்டான நாட்டில், அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு உப்புத் தண்ணீரில் கால் நனைக்க உரிமை இல்லையென்றால் அது என்ன நியாயம்?

"ஓட்டல் முதலாளியால்தானே வேலை கிடைக்கின்றது?" என்று சிலர் கேட்பார்கள். கிடைக்கின்றது, நாம் மறுக்கவில்லை. ஆனால், ஓட்டல் நடப்பதற்குக் கடலை அடைத்தாக வேண்டுமா? மதிலோரம் நாலடி வழி விட்டால் முதலாளியின் கட்டடம் இடிந்து விழுந்துவிடுமா? சம்பளம் கொடுத்தவன் வாங்கியது உழைப்பையே தவிர, சமுத்திரத்தையல்ல.

இப்போது இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஜூலையில் பெரில் என்ற சூறாவளி டிரெஷர் பீச்சைப் பாழாக்கிற்று. கூரைகள் போயின, பயிர் போயிற்று. அதிலிருந்து எழுவதற்குள் 2025 அக்டோபரில் மெலிஸா என்ற பெரும் புயல் தீவின் மேற்குப் பாகத்தைச் சூறையாடிற்று. இது எந்தத் தெய்வத்தின் கோபமும் அல்ல. சூடேறிய கடல் புயலுக்குக் கொடுத்த பலமேயாகும். ஆனால், புயலுக்குப்பின் வருகின்ற ஆபத்து மனிதனால் வருவது. வீடிழந்து கடன்பட்டவன் கடலோர மனையை விற்கத் துணிவான். பணமுள்ளவன் வாங்குவான். வாங்கியவன் மதில் எழுப்பினால், படகை இறக்கும் வழியும் அத்தோடு போகும்.

ஆகவே, சட்டம் மாறவேண்டியது அந்நாட்டார் போராடிச் செய்யவேண்டிய காரியம். பிரயாணம் போகின்றவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கே போனாலும், தங்கும் இடத்து முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கடலுக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் வரலாமா?" வரக்கூடாது என்று பதில் வந்தால், பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, வரலாம் என்கின்ற கிராமத்துக்குப் போங்கள்.