வேலூரில் இறந்த ராஜாவை யார் வாசிப்பது?

சென்ற மாதம் அடிவாரத்தில் நடந்த எங்கள் வாசகர் கூட்டத்தில் ரோமனோவ் வம்சத்தின் கடைசி நாட்களைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். ரஸ்புதினின் தாடி, மகாராணி அலெக்ஸாந்த்ராவின் ஜெர்மானியப் பிறப்பு, இளவரசனின் குருதிக்கசிவு நோய், எக்கத்தரீன்பர்க் வீட்டின் நிலவறை, உள்ளாடைகளில் தைத்து மறைத்த வைரங்களில் பட்டுத் தெறித்த தோட்டாக்கள் என்று ஒன்றையும் விடவில்லை. கூட்டம் முடியும் தறுவாயில், மாத்தளையில் பிறந்து 1964 ஒப்பந்தத்தின்படி இங்கே அனுப்பப்பட்ட பெரியவர் ஒருவர் கேட்டார்: "கண்டி ராஜாவைப் பற்றி எப்போது பேசுவீர்கள்?" எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. அந்த வெட்கத்திலிருந்தே இதை எழுதுகிறோம்.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் இறந்தான், 1832 ஜனவரி 30ஆம் தேதி. அவனுடைய சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. இங்கிருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். ஆனாலும் சைபீரியாவின் தொபோல்ஸ்க்கில் ஜார் விறகு வெட்டியது நமக்குத் தெரிகிறது. வேலூர்க் கோட்டையில் பதினாறு ஆண்டுகள் ஓர் அரசவை சிறையிருந்தது தெரியவில்லை.

தெரிந்தவர்களும் எப்படித் தெரிந்துவைத்திருக்கிறார்கள்? அதுதான் எங்கள் சண்டை. ஒரு தரப்புக்கு அவன் 'கடைசித் தமிழ் மன்னன்'. இன்னொரு தரப்புக்கு எஹலேபொலையின் பிள்ளைகளைக் கொன்ற கொடுங்கோலன். முன்னதற்குச் சுவரொட்டி போதும். பின்னதற்கு ஆங்கிலேயர்களின் 1815ஆம் ஆண்டுப் பிரகடனமே போதும். இரண்டுக்கும் அந்த அரசவையை வாசிக்கவேண்டிய அவசியமில்லை.

அந்த அரசவை என்னவாக இருந்தது? கண்டி மன்னர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து நாயக்கர் குலப் பெண்களை மணந்துவந்தார்கள். 1739இல் நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய வாரிசின்றி இறக்க, அரசியின் சகோதரன் அரியணை ஏறினான். அவனுக்கடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் காலத்தில்தான், 1753இல், சயாமிலிருந்து உபாலி தேரர் வரவழைக்கப்பட்டு அற்றுப்போயிருந்த பௌத்த உபசம்பதா மரபு மீட்கப்பட்டது. ராஜாதி ராஜசிங்கன் சிங்களத்தில் காவியம் இயற்றியவன். தெலுங்கு மூலம், தமிழ்ப் பேச்சு, சிங்களக் கவிதை, புத்தரின் தந்த தாதுவுக்குப் பணிவிடை. இந்தக் கலவையை எந்தப் பெட்டியில் போடுவது? 'தமிழ் மன்னன்' என்று முழங்குபவர்கள் இதில் முக்கால் பங்கை வெட்டியெறிந்தால்தான் தங்கள் பெட்டியை மூட முடியும். கண்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சிங்களப் பிரதானிகள் சிலரின் கையொப்பங்களிலேயே தமிழெழுத்து இருக்கிறது. அந்த உலகத்தின் கோடுகள் வேறு.

கண்ணுசாமி என்ற பதினெட்டு வயதுப் பையனை 1798இல் அரியணையில் அமர்த்தியவன் முதன்மந்திரி பிலிமத்தலாவை. பொம்மையாக இருப்பான் என்ற கணக்கு. பையன் பொம்மையாக இருக்க மறுத்தான். பின்னர் அந்த மந்திரியின் தலையே போயிற்று. நெல்வயல்களை மூழ்கடித்து 1812இல் முடிக்கப்பட்ட ஏரி, அதற்குக் குடிகளிடம் வாங்கிய கட்டாய உழைப்பு, பிரதானிகளின் அதிகாரத்தைக் கத்தரித்தது, எல்லாம் அவனுக்குப் பகை சேர்த்தன. 1814இல் எஹலேபொலை ஆங்கிலேயர் பக்கம் ஓடினான். அவன் மனைவியும் மக்களும் கொல்லப்பட்டார்கள். இது நடந்தது, இதை மறைக்க நாங்கள் வரவில்லை. கண்ணுசாமியை வெள்ளையடிப்பதும் வாசிப்பு ஆகாது.

ஆனால் அந்தக் கொலையை யார், எதற்கு, எப்படி உலகுக்குச் சொன்னார்கள் என்று கேட்பது வாசிப்பு. கடற்கரையை ஏற்கெனவே பிடித்திருந்த ஆங்கிலேயர் 1803இல் கண்டிக்குப் படையெடுத்து, தாங்கள் கொண்டுவந்த முத்துசாமி என்ற வேறொரு நாயக்க இளவரசனை அரியணையில் வைத்து, பிறகு படையையே இழந்தவர்கள். அப்போது 'அந்நிய வம்சம்' அவர்களுக்கு உறுத்தவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஜான் டாயிலி சிங்களம் கற்று, ஒற்றர்களை வைத்து, பிரதானிகளுக்கு ஓலை அனுப்பிக் காரியம் கனிந்த பிறகுதான், அவன் 'மலபார்' கொடுங்கோலனாகிறான். மலபார் என்றால் அவர்கள் ஆவணத்தில் தமிழன். அலெக்ஸாந்த்ராவை 'ஜெர்மன்காரி' என்று பெத்ரோகிராத் தெரு ஏசியதை வாசிக்கும்போது அதன் பின்னாலிருந்த அரசியல் நமக்கு உடனே புலப்படுகிறது. இங்கே மட்டும் ஏன் புலப்படுவதில்லை?

1815 பிப்ரவரி 18 அன்று மெத மகாநுவரவில் ஒளிந்திருந்தவனைப் பிடித்தார்கள். கட்டி இழுத்தார்கள், அரசியரின் நகைகளைப் பறித்தார்கள். மார்ச் 2இல் அரண்மனையின் சபாமண்டபத்தில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. (ருஷ்யப் பழைய நாட்காட்டிப்படி ஜார் முடிதுறந்ததும் ஒரு மார்ச் 2 தான், 1917இல். இதில் பொருளொன்றுமில்லை, எங்களில் ஒருவருக்குத் தேதிப் பைத்தியம்.) 1816 ஜனவரியில் கார்ன்வாலிஸ் என்ற கப்பல் அவனைக் குடும்பத்தோடு சென்னைக்குக் கொண்டுவந்தது. பத்தாண்டுகளுக்கு முன்புவரை திப்புவின் பிள்ளைகளை அடைத்துவைத்திருந்த அதே வேலூர்க் கோட்டைக்கு அடுத்த அரசவை வந்து சேர்ந்தது.

குடிகள் அவனை வெறுத்துத் துரத்தினார்கள் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. 1817இல் ஊவாவில் தொடங்கி மறு ஆண்டு தீயாய்ப் பரவிய கிளர்ச்சியில், அரியணைக்கு உரிமை கோரிய வில்பாவே என்ற சிங்களன் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டான்? துரைசாமி என்று, துரத்தப்பட்ட மன்னனின் நாயக்க உறவினன் என்று. எஹலேபொலையின் மைத்துனன் கெப்பெட்டிபொலை, கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டவன், அந்தப் போலி நாயக்கனின் பக்கம் சேர்ந்து தலையைக் கொடுத்தான். எஹலேபொலையும் தப்பவில்லை, மொரீசியஸ் தீவில் கைதியாக 1829இல் இறந்தான். அனஸ்தாசியா என்று சொல்லிக்கொண்ட பெண்மணிக்கு எத்தனை படங்கள், எத்தனை நூல்கள்! நம்முடைய போலி இளவரசனுக்குப் பின்னால் ஒரு நாடே எழுந்தது. தமிழில் அவனுக்கு ஒரு சிறுகதை உண்டா?

ஒப்பந்தத்தின் இரண்டாம், மூன்றாம் ஷரத்துகளை ஒவ்வொரு சரித்திர நாவலாசிரியரும் படிக்கவேண்டும். மன்னனின் உறவினர் எவருக்கும் அரியணையில் உரிமை இல்லை. அவர்கள் அரசின் பகைவர்கள். கண்டிச் சீமையிலிருந்து வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வரக்கூடாது. பத்தாண்டுகள் ஆகுமுன் அதே மலைகளில் ஆங்கிலேயர் காபி பயிரிட்டார்கள். எங்கள் தலைக்குமேலே சேர்வராயன் மலையில் ஆட்சியர் காக்பர்ன் காபி வைத்ததும் அதே 1820களில்தான். பிறகு கண்டிக் காபிக்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து, எந்த இனத்து ஆண்கள் திரும்பக்கூடாது என்று எழுதினார்களோ அந்த இனத்தையே நடத்திக் கூட்டிச்சென்றார்கள். 1948இல் அவர்கள் குடியுரிமை பறிபோயிற்று. 1964இல் எண்ணிக்கை பேசிப் பங்கிட்டார்கள்.

நம் சரித்திரப் புனைவுகளுக்கு அரசவை என்றால் முடிசூட்டு விழாவும் சுரங்கப்பாதையும்தான். ஓர் அரசவை கலைகிறபோது ஆவணத்தில் எழுதப்படும் வாக்கியம் எத்தனை தலைமுறைகளின் வாசலில் வந்து நிற்கிறது என்பதை எழுத அவற்றுக்கு இடமில்லை. கண்டிச் சிம்மாசனம் விண்ட்ஸர் அரண்மனைக்குப் போய் 1934இல் திரும்பியது என்பதைக்கூட அருங்காட்சியகத் தகவலாகவே வைத்திருக்கிறோம்.

மாத்தளைப் பெரியவரிடம் அடுத்த கூட்டத்தில் பேசச் சொன்னோம். தனக்குச் சரித்திரம் தெரியாது, தேயிலை மட்டும்தான் தெரியும் என்றார். அதையே பேசச் சொல்லியிருக்கிறோம்.