நுண்திருகுகளின் நீச்சல்

நம் உடலுக்குள் ஒரு சிறு பொறி நீந்திச் சென்று, நோயுற்ற இடத்தில் மட்டும் மருந்தை இடுமானால் எத்துணை நலம்! நல்ல உறுப்புகள் மருந்தின் கடுமைக்கு ஆளாகத் தேவையில்லை. அமெரிக்க இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபைன்மேன், தம் நண்பர் ஒருவர் கூறிய இத்தகைய எண்ணத்தை 1959ஆம் ஆண்டிலேயே ஒரு சொற்பொழிவில் எடுத்துரைத்தார்.

பொறியைச் சிறிதாக்குவது கடினம். அதை நீந்தச் செய்வது அதனினும் கடினம். ஏன்? குளத்தில் நீந்துகிறவர் கைகால்களை நிறுத்திய பின்னும் சற்றுத் தூரம் முன்செல்வார். பாக்டீரியாவோ நீந்துவதை நிறுத்திய கணமே நின்றுவிடும். அதற்குப்பின் அது வழுக்கிச் செல்லும் தொலைவு ஓர் அணுவின் குறுக்களவினும் குறைவு என எட்வர்டு பர்செல் என்னும் அறிஞர் 1976இல் விளக்கினார். அத்துணைச் சிற்றுருவுக்குத் தண்ணீரும் வெல்லப்பாகு போன்றதே.

இதனால் ஒரு விந்தை விளைகிறது. கடலில் வாழும் ஒருவகைச் சிப்பி, தன் ஓட்டை மெல்லத் திறந்து விரைந்து மூடி, நீரைப் பீய்ச்சி நகர்கிறது. அதுவே பாக்டீரியா அளவினதாயின், திறக்கும்போது சென்ற தொலைவை மூடும்போது இழந்து, தொடங்கிய இடத்திலேயே நிற்கும். அங்கே மெதுவும் விரைவும் வேறுபாடு செய்வதில்லை.

பின் பாக்டீரியா எவ்வாறு நீந்துகிறது? பல பாக்டீரியாக்கள் சுருள் வடிவான தம் வாலைச் சுழற்றுகின்றன. மரத்தில் திருகாணி ஏறுவதுபோல அவை முன்னேறுகின்றன. இதையே அறிஞர் பாடமாகக் கொண்டனர். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலும், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் இரு குழுவினர் தனித்தனியே செய்த நுண்திருகுகளைப் பற்றிய செய்தி 2009இல் வெளியாயிற்று. ஹார்வர்டில் செய்தவை கண்ணாடியாலானவை. அவற்றின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே.

இவற்றில் எந்திரமும் இல்லை, மின்கலமும் இல்லை. வெளியே உள்ள கம்பிச்சுருள்களில் பாயும் மின்சாரம் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதனோடு திருகும் சுழல்கிறது. காந்தம் அதை இழுப்பதில்லை, திருப்புகிறது. இதுவே நுணுக்கம். இவ்வளவு சிறிய பொருளைத் தொலைவிலிருந்து இழுக்க வன்மையான காந்தம் வேண்டும். திருப்புவதற்கோ மெல்லிய புலமே போதும். அது சதையையும் எலும்பையும் ஊறின்றிக் கடந்து செல்லும்.

ஹார்வர்டில் இப்பணி செய்த அம்பரீஷ் கோஷ், பின்னர் பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் அதைத் தொடர்ந்தார். 2022இல் அக்கழகத்தினர், பிடுங்கப்பட்ட பற்களின் நுண்குழல்களுக்குள் இத்தகைய திருகுகளைச் செலுத்தினர். வேர்ச் சிகிச்சைக்குத் தப்பி அங்கே ஒளிந்திருக்கும் பாக்டீரியாவை, திருகுகளைக் காந்தப்புலத்தால் வெப்பமூட்டிக் கொல்லலாம் எனக் காட்டினர்.

எனினும் அன்பர்களே, குருதியின் வேகத்தை எதிர்த்து நீந்தச் செய்தல், உடலின் ஆழத்தில் இவை எங்குள்ளன எனக் காணுதல், பணி முடிந்தபின் இவற்றை வெளியேற்றுதல் ஆகிய இடர்கள் இன்னும் முற்றும் தீரவில்லை. ஆகவே, காந்தத்தால் புற்றுநோயைத் தீர்ப்போம் என்று எவரேனும் இன்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டா. வீட்டிலுள்ள நோயாளிக்கு மருத்துவர் அளித்துவரும் சிகிச்சையை அதன்பொருட்டு ஒருநாளும் நிறுத்தலாகாது.