இலங்கை விழுந்தது இலவசத்தாலா?

மதுரை கீழமாசி வீதியில் சரக்கு எடுக்கப் போனாலும் சரி, வாடிப்பட்டியில் நாலு வியாபாரிகள் கூடினாலும் சரி, ரேஷன் அரிசி, மகளிருக்கு இலவசப் பஸ் என்று பேச்சு வந்துவிட்டால் முடிவாக ஒருவர் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "இப்படியே போனால் இலங்கை மாதிரி ஆகிவிடும்." 2022 முதல் இதைக் கேட்டு வருகிறோம். கணக்குத் தெரிந்த நாமே இப்படிப் பேசலாமா என்பதுதான் நமது ஆதங்கம்.

நமது தகப்பனார் ஐம்பதுகளில் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடைச் சிப்பந்தி. 1953-ல் அரசாங்கம் கூப்பன் அரிசியைக் கொத்து (அது அந்த ஊர்ப் படி) 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியதும், ஆகஸ்டு 12-ம் தேதி நாடு முழுக்கக் கடையடைப்பு நடந்ததும், பிறகு பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகியதும் அவர் வாயால் கேட்ட கதை. அரிசி விலைக்கு ஒரு பிரதமரே போன ஊர் அது. அங்கே 1945-லேயே பள்ளிக்கூடம் முதல் பல்கலைக்கழகம் வரை படிப்பு இலவசம். அரசு ஆஸ்பத்திரியிலும் காசில்லை.

பலன் என்ன? ஐக்கிய நாடுகள் சபை 2024-ல் வெளியிட்ட மனிதவள மேம்பாட்டுப் பட்டியலில், அதாவது 2022-ம் வருஷக் கணக்கில், இலங்கைக்கு 78-வது இடம், நமக்கு 134. கவனியுங்கள், பெட்ரோலுக்கு அவர்கள் இரவெல்லாம் வரிசையில் நின்ற வருஷம் அது! சராசரி ஆயுள் நம்மைவிட சுமார் ஐந்து வருஷம் கூடுதல். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது அங்கே பத்துக்கும் கீழே. 2020-ல் இந்தியாவுக்கு அது 28. நமது தமிழ்நாடு 13 என்பதில் கொஞ்சம் பெருமைப்படலாம். மலையகத் தோட்டத் தொழிலாளர்கள், அவர்களும் நம் சனங்கள்தான், இந்தச் சராசரிக்கு வெகுவாகப் பின்தங்கியிருக்கிறார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது.

அப்படியானால் விழுந்தது எப்படி? 2024-ல் மதுரையிலிருந்து விமானம் ஏறிப் போய், தகப்பனார் வேலை பார்த்த தெருவிலேயே ஒரு மொத்த வியாபாரியிடம் கேட்டோம். சீனி, மைசூர்ப் பருப்பு, வத்தல் வியாபாரம். (நம்மைப்போலவே அவர்களும் சர்க்கரையைச் சீனி என்கிறார்கள்.) அவர் சொன்ன முதல் சங்கதியே நமக்குச் சுருக்கென்றது. "2019 டிசம்பரில் வாட் வரியை 15-லிருந்து 8 சதவீதமாக்கினார்கள். வெடி போடாத குறையாகக் கொண்டாடினோம் அண்ணாச்சி."

வரி வருமானம் சரிந்தது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் அடிபட்ட சுற்றுலா, கொரோனாவில் படுத்தேவிட்டது. டாலரில் வாங்கிய கடனுக்குத் தவணை மட்டும் தவறாமல் வந்து நின்றது. போதாததற்கு 2021-ல் ஒரே உத்தரவில் ரசாயன உரத்துக்குத் தடை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் போன மகசூல் போனதுதான். பாங்கில் டாலர் இல்லாததால் எல்.சி. திறக்க வழியில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கன்டெய்னர்கள் கொழும்புத் துறைமுகத்தில் கிடந்தன. அரசாங்கமோ 2021 ஆகஸ்டு கடைசியில் அவசரகாலச் சட்டம் போட்டு, சீனிக் கிடங்குகளைச் சோதனை போட்டது. பழி யார் தலையில் விழும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தார்கள். செப்டம்பரில் உணவு விலையேற்றம் 90 சதவீதத்தைத் தாண்டியது. அந்த மே மாதம் நமது தமிழ்நாட்டிலிருந்து 9,000 டன் அரிசியும் 200 டன் பால்பவுடரும் முதல் கப்பலில் போனது நினைவிருக்கும்.

ஆக, படிப்பும் வைத்தியமும் எழுபது வருஷத்துக்கு மேல் இலவசமாக நடந்த நாடு, வரியைக் குறைத்து இரண்டரை வருஷத்தில் படுத்தது. இதில் எந்தக் கணக்குப்படி இலவசத்தைக் குற்றம் சொல்வது? 2024 ஜனவரியில் அதே வாட் 18 சதவீதமானது.

நம் கடை அலமாரி நிறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. பற்று நோட்டைப் பிரித்தால்தான் வேறு கதை. பதினைந்து வருஷமாக மாதம் தவறாமல் கணக்குத் தீர்த்த ஒரு கொத்தனார், மனைவியின் சிறுநீரக வைத்தியத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரி போய் இடத்தை விற்றார். நமது பாக்கி 18,000 அப்படியே நிற்கிறது. கேட்க மனம் வரவில்லை. அப்படி எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்த்ததில், நமது நோட்டில் வராக்கடனில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிச் செலவில் போனது. புறக்கோட்டைக்காரரிடமும் கேட்டோம். அவருக்குப் பற்று நின்றது 2022-ல், எல்லாருக்கும் ஒரேயடியாக. அதற்கு முன்னால் வைத்தியத்துக்காகக் கடைப் பாக்கி நின்றதாக ஒரு பெயரைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை.

நாமும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதியை நம்பித்தான் கடை நடத்துகிறோம். 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயிலை மூன்று வாரம் நிறுத்தியபோது டின் விலை என்ன பாடு படுத்தியது! அதைப்பற்றிச் சங்கத்தில் ஒரு நாளாவது பேசினோமா?

வருகிற பொதுக்குழுவில் "இலவசங்களை நிறுத்து" என்று தீர்மானம் வந்தால் நமது கை உயராது. வரியைக் குறைக்கக் கோரும் தீர்மானம் வந்தால், எந்த ஆஸ்பத்திரியில் கைவைத்து அதைக் குறைப்பார்கள் என்று எழுந்து கேட்பதாக இருக்கிறோம்.