நினைத்த சீட்டும் நினையாத கணக்கும்

ஒருவர் மனத்துக்குள் நினைத்த சீட்டு இன்னதென்று, கட்டைத் தொடாமலே சபை நடுவே சொல்லிவிடும் வித்தைக்கு நம் பக்கத்தில் இப்போது பெருமதிப்பு ஏற்பட்டிருக்கிறது. விழுப்புரத்துக் கல்யாண மண்டபங்களிலும் திண்டிவனத்துக் கல்லூரி விழாக்களிலும், புறாவையும் பூங்கொத்தையும் வரவழைத்துக் காட்டிய பழைய மாயாஜாலக்காரர் நின்ற இடத்தில், கண்ணுக்குள் உற்று நோக்கி, "நீங்கள் நினைத்தது ஆட்டின் ராணி" என்று நிதானமாகச் சொல்லும் மெண்டலிஸ்ட் வந்து நிற்கிறார். வீடு திரும்பும் ஜனங்களிடையே நிலவும் அபிப்பிராயம், மற்ற வித்தைகளெல்லாம் கைத்தந்திரம், இது மட்டும் மெய்யாகவே மனத்தைப் படிப்பது என்பதாகும். படித்தவர்கள் இதையே சிறிது திருத்தி, "சக்தி என்று நாங்கள் சொல்லவில்லை, மனோதத்துவம், உடல்மொழி, பயிற்சி" என்கிறார்கள். இரண்டு கூற்றும் பிழையானவை என்பதும், இரண்டாவது கூற்று படிப்பின் வேஷத்தோடு வருவதால் முதலாவதைவிட அதிகக் கேடு விளைவிப்பது என்பதும் என் கட்சி. இந்த வித்தையின்மீது எனக்குள்ள பிரியம் சிறிதன்று. அதன் பொருட்டே இதை எழுதுகிறேன்.

முதலில் வரும் வாதம், பார்த்தவரே சொல்லும் சாட்சியம்: "நான் சீட்டை எடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, மனத்தில் நினைத்தேன், அவ்வளவுதான்." இவர் பொய் சொல்லவில்லை, ஆனால் நடந்தது முழுவதையும் சொல்லவுமில்லை. கட்டு அவர் முன் விசிறிபோல் விரிக்கப்பட்டது. "இவற்றுள் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்பட்டது. பிறகு, எந்த வரிசையில் இருக்கிறது என்றோ, கையில் உள்ள கட்டில் இருக்கிறதா இல்லையா என்றோ, போகிற போக்கில் ஒரு வார்த்தை கேட்கப்பட்டது. அல்லது மனம் ஒருமுகப்படட்டும் என்ற சாக்கில் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி மடிக்கச் சொல்லப்பட்டது. முடிவு பெரிய அதிசயமாக வந்து விழுந்தவுடன், அதற்கு முன் நடந்த சில்லறைக் காரியங்கள் யாவும் ஞாபகத்திலிருந்து உதிர்ந்துபோகின்றன. ஆகவே இவ்வித்தையை மதிப்பிடப் புகுகிறவன், என்ன நடந்தது என்று பார்வையாளரைக் கேட்பதோடு நில்லாமல், வித்தைக்காரருக்கு எத்தனை தடவை, எந்த வழியாகச் செய்தி போய்ச் சேர்ந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படி எண்ணுவதற்கு நம் வீடுகளிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரம் போகும் ரயிலில் சீட்டு விளையாடிக்கொண்டு போகிறவர்களுள் இருபத்தொரு சீட்டு வித்தையை அறியாதவர் அபூர்வம். 21 சீட்டுகளை மூன்று வரிசையாக, வரிசைக்கு ஏழாகப் போட்டு, நினைத்த சீட்டு எந்த வரிசையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டு, அந்த வரிசையை நடுவில் வைத்துச் சேர்த்து, இவ்விதம் மும்முறை செய்தால், நினைத்த சீட்டு தவறாமல் பதினோராவதாக வந்து நிற்கும். முதல் விடையில் இருபத்தொன்று ஏழாகிறது; இரண்டாவது விடையில் ஏழு, இரண்டோ மூன்றோ ஆகிறது; மூன்றாவதில் ஒன்றாகிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜெர்கோன் 1813–14 இல் தம் சஞ்சிகையில் இவ்வகை வித்தையின் கணக்கை விரிவாக ஆராய்ந்து எழுதினார். சீட்டை நினைத்த பையன் தன் மனம் படிக்கப்பட்டதென்று திகைக்கிறான். உண்மையில் அவனே மூன்று தடவை வாய்திறந்து தன் சீட்டைச் சொல்லிவிட்டான். மண்டபத்து மேடையில் நடப்பது இதனினும் எவ்வளவோ நயமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வகை ஒன்றே.

"அவர் எதையும் கேட்கவே இல்லையே" என்று அடுத்த ஆட்சேபம் எழும். ஐம்பத்திரண்டு சீட்டுகளில் ஒன்றைப் பிரித்தெடுக்க, ஆம் அல்லது இல்லை என்ற ஆறு விடைகள் போதும். ஆறு விடைகளால் அறுபத்துநான்கு பொருள்களைப் பிரித்தறியலாம், இங்கே இருப்பவையோ ஐம்பத்திரண்டே. அந்த ஆறும் கேள்விகளாக வரவேண்டும் என்ற நியதி இல்லை. "கறுப்பு இல்லையே?" என்று தாழ்ந்த குரலில் ஒரு வித்தைக்காரர் சொல்வதைக் கவனியுங்கள். "இல்லை, சிவப்பு" என்று பதில் வந்தால், "இல்லை என்றுதானே சொன்னேன்" என்று முன்னேறுவார். "ஆமாம், கறுப்புத்தான்" என்று வந்தால், "அப்படித்தான் தோன்றிற்று, உறுதி செய்துகொண்டேன்" என்று அதே முகத்தோடு முன்னேறுவார். இரண்டு வழியிலும் அவர் சொன்னது சரியாகவே போயிற்று. பாதிக் கட்டு கழிந்தும் போயிற்று. பதில் சொன்னவருக்கோ தாம் ஒரு விடை கொடுத்தோம் என்ற பிரக்ஞையே இருப்பதில்லை.

இனி, "ஐம்பத்திரண்டில் எதை வேண்டுமானாலும் நினைத்திருப்பேன், என் மனம் சுதந்திரமாகத்தான் தேர்ந்தது" என்ற நம்பிக்கை. மனிதர் மனம் சீட்டுக்கட்டின்மேல் சமமாகப் பரவுவதில்லை. ஓல்சன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2012 இல் வெளியிட்ட ஆய்வில், ஏதேனும் ஒரு சீட்டைச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் இஸ்பேட் ஏஸ், ஆட்டின் ராணி, ஆட்டின் ஏஸ், ஆட்டின் ராஜா ஆகிய நான்கனுள் ஒன்றையே சொன்னார்கள். அதே ஆராய்ச்சியாளர்கள் 2015 இல் வெளியிட்ட மற்றொரு சோதனையில், கட்டை விரலால் சரசரவென்று ஓட்டிக் காட்டும்போது ஒரு சீட்டு மட்டும் கண்ணில் சற்றே கூடுதலாகத் தங்கும்படி செய்ய, நூற்றுக்கு 98 பேர் அந்தச் சீட்டையே எடுத்தார்கள். எடுத்தவர்களுள் பெரும்பாலோர் அது தம் சுயேச்சையான தேர்வே என்று மனப்பூர்வமாகச் சொன்னார்கள். சபையின் தொகையையும் சேர்த்து நோக்குங்கள். ஐந்நூறு பேர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் ஆளுக்கொரு சீட்டை நினைக்கச் சொல்லி, எல்லாச் சீட்டும் சமமாகவே நினைக்கப்பட்டாலும், எந்த ஒரு சீட்டுக்கும் ஏறத்தாழப் பத்துப் பேர் இருப்பார்கள். அந்தப் பத்துப் பேரும் எழுந்து நின்று கைகூப்புவார்கள். மற்ற நானூற்றுத் தொண்ணூறு பேர் உட்கார்ந்தே இருப்பதை யாரும் எண்ணுவதில்லை.

படித்தவர்களின் வாதத்துக்கு வருகிறேன். மனோதத்துவ நிபுணர் ஒருவர் கண் அசைவையும் முகத்தின் நரம்புத் துடிப்பையும் கொண்டு, நினைத்தது ஆட்டின் ராணி என்று கண்டுகொள்ளலாம் என்பது அவர்கள் துணிபு. இதற்கு ஆதாரமாக அவர்கள் பெரும்பாலும் எடுத்துக்காட்டக்கூடியது பெர்லினில் வாழ்ந்த ஹான்ஸ் என்ற குதிரையின் சரித்திரம். வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் வளர்த்த அக்குதிரை கூட்டல் கழித்தல்களுக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லிற்று. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் 1907 இல், கேள்வி கேட்டவரின் தலை அறியாமலே மிகச் சிறிது அசைவதைக் கண்டு அது தட்டுவதை நிறுத்திவிடுகிறது என்று நிரூபித்தார். உடல் தன்னையறியாமல் பேசும் என்பதற்கு இது சிறந்த சான்றுதான். ஆனால் அந்த உடல் பேசியது எவ்வளவு? 'நிறுத்து' என்ற ஒரே வார்த்தை. கேட்டவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. எண்கள் ஒவ்வொன்றாகத் தட்டப்பட்டு வந்தபோதுதான் உரிய இடத்தில் உடல் காட்டிக்கொடுத்தது. அவ்வாறே, சீட்டுகள் ஒவ்வொன்றாக முன்னே நகர்த்தப்பட்டு, நினைத்த சீட்டு வரும்போது பார்வையாளரின் மூச்சு தடைப்படுவதைக் கூர்ந்து காணும் ஒருவர், கடும் பயிற்சியினால் ஓரளவு வெற்றி பெறலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே பார்வையில், எதையும் முன்னே காட்டாமல், இனமும் எண்ணும் சேர்த்துச் சொல்லும்படி எழுதப்பட்ட முகம் எவருக்கும் இல்லை. மேடையில் நிகழும் மனோதத்துவப் பேச்சு, பழைய மாயாஜாலக்காரரின் தலைப்பாகையும் மந்திரக்கோலும் செய்த வேலையைச் செய்கிறது; அது ஆடையே தவிர உடம்பன்று. அந்த ஆடையை நிஜம் என்று கொண்டவர்கள்தாம், கண்ணைப் பார்த்தே வேலைக்கு ஆள் எடுக்கலாம் என்றும், முகத்தைப் பார்த்தே திருடனைப் பிடிக்கலாம் என்றும் நம்பத் தலைப்படுகிறார்கள்.

மனத்துக்கு மனம் நேரே செய்தி போகும் என்ற கட்சியும் ஆராயப்படாமல் விடப்பட்டதன்று. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்து ஜே. பி. ரைன், ஐந்து குறிகள் கொண்ட 25 சீட்டுகளை வைத்துப் பரிசோதித்து 1934 இல் ஒரு நூல் வெளியிட்டார். தற்செயலாகவே ஐந்து சரியாக வரவேண்டிய இடத்தில் அதிகம் வந்ததென்றார். மற்றவர்கள் கட்டுப்பாடுகளை இறுக்கிச் செய்தபோது அந்த அதிகம் நிலைக்கவில்லை. லண்டனில் இவ்வகைப் பரிசோதனைகளில் சோல் என்பவர் பெற்ற வியப்பான பலன்கள் கணக்கேடு திருத்தப்பட்டதால் விளைந்தவை என்பதை 1978 இல் பெட்டி மார்க்விக் அம்மையார் வெளிப்படுத்தினார்.

மெண்டலிஸ்டின் வித்தை மேல்நாட்டிலிருந்து நேற்று இறங்கிய புதுமை, ஆகவே நம் பழைய தெருவித்தைகளோடு ஒப்பிடக்கூடாது என்பாரும் உண்டு. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் கூற்று. சந்தை கூடும் நாளில், பேருந்து நிலையத்து ஓரத்தில், மோடி மஸ்தான் ஒரு பையனைத் தரையில் கிடத்திக் கறுப்புத் துணியால் மூடி, "நான் யார்?" "குரு." "நீ யார்?" "சிஷ்யன்." "கேட்டதைச் சொல்வாயா?" "சொல்வேன்" என்று சம்பாஷணையைத் தொடங்கி, கூட்டத்தில் நிற்பவர் சட்டையின் நிறத்தையும், அவர் கையிலுள்ள ரூபாய் நோட்டின் எண்ணையும் அப்பையனைக் கொண்டு சொல்ல வைத்ததை நம் முதியோர் யாவரும் கண்டிருக்கிறார்கள். துணிக்குள் கிடக்கும் பிள்ளைக்குச் செய்தி போனது குருவின் வாய்வழியேதான். அவர் கேட்கும் வாக்கியத்தின் முதற்சொல் 'சொல்' என்றால் ஒன்று, 'சட்டென்று' என்றால் வேறொன்று. 'பார்' என்றும் 'தெரிகிறதா' என்றும் வேறு வேறு எண்கள். இவ்வகைச் சங்கேதத்தைப் பசியோடும் அடியோடும் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்த அந்தப் பிள்ளையின் ஞாபகசக்தி, எந்த வித்துவானின் ஞாபகசக்திக்கும் இளைத்ததன்று. பாரிஸில் மாயாஜாலக்காரர் ரோபேர் ஊதேன் தம் மகனின் கண்ணைக் கட்டி 1846 இல் நாகரிக சபையில் நடத்திக் காட்டியதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அவரைக் கலைஞர் என்று சரித்திரம் எழுதிற்று. நம் குருவையும் சிஷ்யனையும் போலீஸார் விரட்டினார்கள். மண்டபத்து மெண்டலிஸ்டுக்கு மனோசக்தி என்று பட்டம் சூட்டுகிறவர்கள், புழுதியில் கிடந்த அந்தச் சிறுவனுக்குச் சேரவேண்டிய பெருமையை அறியாமலே எடுத்துவிடுகிறார்கள்.

நோட்டின் எண்ணைச் சொல்வது மெய்யான சக்தியா என்பதற்கு இந்த மண்ணுக்கு அருகிலேயே பரீட்சை வைக்கப்பட்டது. திருவல்லாவில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் டாக்டர் ஆபிரகாம் கோவூர், முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நோட்டின் எண்ணைப் படித்துச் சொல்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963 இல் பகிரங்கமாக அறிவித்தார். 1978 இல் அவர் காலமாகும் வரையில் அந்தத் தொகையை வென்றவர் ஒருவருமில்லை. பின்னர் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிலிருந்து அதே சவாலை நடத்திவந்த பி. பிரேமானந்த், தாமே கைதேர்ந்த மாயாஜாலக்காரர். 2009 இல் மறைந்த அவரிடமும் யாரும் வெல்லவில்லை.

வித்தைக்காரர் சில சமயம் தவறிவிடுகிறாரே, தந்திரமானால் தவறுமா என்பது சிறிய வாதம். நிச்சயமாக முடியும் காரியத்தில் ஒரு சிறு பிழையை வேண்டுமென்றே செய்து, "ஏழா, எட்டா" என்று தடுமாறிப் பிறகு எட்டைச் சொல்வது இக்கலையின் பாலபாடம். தடுமாற்றம் நம்பிக்கையை வளர்க்கிறது.

ரகசியத்தை ஆராய்ந்தால் ரசனை கெட்டுவிடும் என்று சொல்பவர்களுக்கு மட்டும் நான் மரியாதையோடு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ராகத்தின் ஆரோகண அவரோகணம் தெரிந்தவன் கச்சேரியைக் குறைவாக ரசிப்பதில்லை. பாடகர் எங்கே துணிந்தார், எங்கே தாவினார் என்பது அவனுக்குத்தான் தெரியும். நினைத்த சீட்டு வித்தையிலும் அப்படியே. குறைந்த கேள்விகளோடு முடித்தாரா, எழுதச் சொல்லாமல் முடித்தாரா, பார்வையாளரைக் கூச்சப்படுத்தாமல் நடத்தினாரா, கட்டு கலைக்கப்பட்ட பிறகும் தம் ஒழுங்கைக் காப்பாற்றினாரா, கடைசியில் இது வித்தை என்று கண்ணியமாகச் சொல்லி இறங்கினாரா என்று பார்ப்பவனே நல்ல ரசிகன். சக்தி என்று எண்ணி வாய்பிளப்பவன், வித்தைக்காரர் ஆண்டுக்கணக்கில் இரவில் கண்விழித்துச் செய்த சாதகத்தைக் காணாமலே போகிறான். அவனே மறுநாள், காணாமற்போன நகையைக் குறி சொல்லிக் கண்டுபிடிப்பதாகச் சொல்பவரிடம் பணத்தோடு போய் நிற்கிறான், அங்கும் "வீட்டுக்குள் இருப்பவர் இல்லையே?" என்ற அதே வாக்கியம்தான் காத்திருக்கிறது, அதன் முடிவில் பழி ஒரு வேலைக்காரப் பெண்ணின்மேல் விழுகிறது.

ஆகையால் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களையும் விழாக் குழுவினரையும் நான் கேட்டுக்கொள்வது இது: மெண்டலிஸ்டை அவசியம் அழையுங்கள், உரிய சம்மானம் கொடுங்கள், ஆனால் மனோசக்தி என்று அழைப்பிதழில் அச்சிடாதீர்கள். யாரேனும் தமக்கு மெய்யாகவே அந்தச் சக்தி இருக்கிறதென்று கூறினால், அவர் ஊருக்குள் வருமுன்பே நன்கு கலைத்த முழுக் கட்டிலிருந்து ஒவ்வொரு தடவையும் பாராமல் உருவிய மூன்று சீட்டுகளின் பெயர்களைத் தனித்தனியே எழுதி, உறையிலிட்டு ஒட்டி, நம்பிக்கையான மூன்றாமவரிடம் கொடுத்துவிடுங்கள்; எழுதியவர் அவர் கண்ணில் படவேண்டாம்; கேள்வியும் பதிலும் வேண்டாம். மூன்றையும் தற்செயலாகச் சொல்லிவிடக்கூடிய வாய்ப்பு 1,40,608 இல் ஒன்று. அவர் சொல்லிவிட்டால் உலகத்துக்கு அறிவியுங்கள். சொல்லாவிட்டால், அந்தச் செய்தியை அன்றைக்கே உங்கள் மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.