அப்பாவின் கையிலேயே ஃபோன் இருக்கட்டும்

கேள்வி: "அப்பாவுக்கு 67 வயது. திண்டிவனம் பக்கத்தில் மூன்று ஏக்கரில் நெல்லும் மணிலாவும் வைக்கிறார். நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன். போன தீபாவளிக்கு நல்ல ஃபோனாக ஒன்று வாங்கித் தந்தேன். பேசுவதற்கும் வீடியோ பார்ப்பதற்கும் தவிர வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை. எத்தனை தடவை சொன்னாலும் மறந்துவிடுகிறார். எனக்கும் சலிப்பு வந்து கத்திவிடுகிறேன். சந்தை விலை, பட்டா, கிசான் பணம் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்ளும்படி எப்படிப் பழக்குவது?"
– வாசகி ஒருவர், விழுப்புரம் மாவட்டம்.

பதில்: எந்த வருடம் எந்தக் கழனியில் என்ன ரகம் போட்டார், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், பொது வரப்பு எது என்பதெல்லாம் இந்த அப்பாவுக்கு மனப்பாடமாக இருக்கும். அத்தனையையும் நினைவில் வைத்திருப்பவருக்கு ஃபோனில் நான்கு பொத்தான்கள் மட்டும் மறந்துபோகிறது என்றால், குறை ஞாபகத்தில் இல்லை. சொல்லிக்கொடுக்கும் விதத்தில் இருக்கிறது.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். மகனோ மகளோ ஃபோனைத் தன் கையில் வாங்கி, இரண்டு நிமிடத்தில் செய்து முடித்து, "இவ்வளவுதான்ப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்பா பார்த்தது பிள்ளையின் விரல் ஓடுவதை மட்டும்தான். நாற்று நடுவதை வரப்பில் நின்று பார்த்தே யாரும் கற்றுக்கொண்டதில்லை. சேற்றில் இறங்கி, கோணல்மாணலாக நட்டு, பக்கத்தில் இருப்பவர் சொல்லச் சொல்லத்தான் கை பழகும். ஆகவே முதல் விதி: பாடம் முடியும்வரை ஃபோன் அப்பாவின் கையை விட்டு வெளியே வரக் கூடாது. மகள் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

முதலில் நிலத்தைப் பண்படுத்துதல்

விதைக்கும் முன் உழுவதுபோல, பாடத்துக்கு முன் ஃபோனைச் சரிசெய்ய வேண்டும். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றலாம். படிக்கும் கண்ணாடி இருந்தால் அதைப் போட்டுக்கொண்டே உட்காரச் சொல்ல வேண்டும். அடிக்கடி பயன்படாத படங்களை முகப்பிலிருந்து எடுத்துவிட்டு, ஐந்தாறு மட்டும் வைத்தால் போதும்.

அடுத்தது விரல். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன, வறண்ட விரலின் தொடுதலைத் திரை சில நேரம் உணராது. உணரவில்லையே என்று அப்பா அழுத்திப் பிடிப்பார். அழுத்திப் பிடித்தால், திறப்பதற்குப் பதிலாக "நீக்கவா, நகர்த்தவா" என்று ஃபோன் கேட்கும். எதையோ கெடுத்துவிட்டோம் என்று அவர் பயந்து வைத்துவிடுவார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மாட்டின் மேல் உட்கார்ந்த ஈயைத் தட்டுவதுபோல லேசாகத் தட்டச் சொன்னால் புரிந்துகொள்வார். அமைப்புகளில் 'அணுகல்தன்மை' என்ற பகுதிக்குப் போய், அழுத்தும் நேரத்தைக் கூட்டி வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

மூன்றாவது, எண். பல குடும்பங்களில் அப்பாவின் ஆதாரோடு வெளியூரில் இருக்கும் பிள்ளையின் கைப்பேசி எண் இணைந்திருக்கிறது. அப்பா இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க, ஓ.டி.பி. சென்னைக்குப் போகும். பிள்ளை வேலையில் ஃபோனை எடுக்க முடியாமல் போனால் அவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அப்பாவின் சொந்த எண்ணை ஆதாரிலும் வங்கியிலும் இணைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் பாதியில் நிற்கும்.

அவர் கேட்கும் கேள்வியே முதல் பாடம்

எதிலிருந்து தொடங்குவது என்பதை அப்பாவின் வயலே சொல்லிவிடும். மணிலா பிடுங்கிக் காயவைத்திருக்கும் நேரம் என்றால், அவர் மனதில் ஓடுவது விலை. 2018-ல் தமிழக அரசு கொண்டுவந்த உழவன் செயலியில் சந்தை விலை, உரம் மற்றும் விதை இருப்பு, வாடகை இயந்திரம், மானியத் திட்டங்கள், வானிலை எல்லாம் தமிழிலேயே இருக்கின்றன. முதல் நாள் விலை மட்டும் போதும். மற்றவற்றைத் திறந்தே காட்ட வேண்டாம். இங்கே ஒரு சிறு தடங்கல் வரும். அப்பா வாயில் அது மணிலா அல்லது மல்லாட்டை. திரையில் 'நிலக்கடலை' என்று இருக்கும். திரையில் வரும் சொல்லும் வீட்டில் பேசும் சொல்லும் வேறாக இருக்கும் இடங்களை ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது. 'சமர்ப்பி' என்றால் அனுப்பு, 'பதிவிறக்கு' என்றால் இறக்கி வைத்துக்கொள், 'வட்டம்' என்றால் தாலுகா. எழுதுவது அப்பாவின் கையெழுத்தாக இருக்கட்டும். மகள் எழுதிய நோட்டு அலமாரியில்தான் கிடக்கும்.

இரண்டாவது பாடத்துக்குப் பட்டா பொருத்தமானது. வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டா விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். இந்தப் பாடத்தில் ஒரு வசதி உண்டு. உட்பிரிவு எண் மகளுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும். எந்தப் பக்கம் யார் நிலம், எப்போது பாகம் பிரிந்தது என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். கற்பிப்பவரும் கற்பவரும் இடம் மாறி உட்காரும் அந்த அரை மணி நேரத்தில் அப்பாவின் பயம் பாதி தெளிந்துவிடும். மகளுக்கும் எப்படியும் தெரிந்திருக்க வேண்டிய சங்கதிதான் அது.

மூன்றாவது, பி.எம். கிசான். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக 2,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இதற்கு இ-கே.ஒய்.சி. முடித்திருக்க வேண்டும். ஓ.டி.பி. மூலமாகவோ, பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தோ முடிக்கலாம். உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாவிட்டால், பி.எம். கிசான் செயலியில் முகத்தைக் காட்டி முடிக்கும் வழியும் இருக்கிறது. தவணை வந்ததா என்று பார்ப்பதை அப்பாவே இரண்டு முறை செய்துவிட்டால் மூன்றாம் முறை யாரையும் கேட்க மாட்டார்.

ஒரு நாளைக்கு ஒரு பாடம், அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மறுநாள் புதியதைத் தொடங்கும் முன் பழையதை அவராகவே ஒரு தடவை செய்து காட்டட்டும். தவறான இடத்தைத் தொட்டுவிட்டால் 'பின்னால் போகும்' பொத்தானைக் காட்டிக் கொடுக்க வேண்டும். வழி தவறினாலும் வீடு திரும்ப முடியும் என்ற நம்பிக்கை வந்தவர்தான் புதிய வழியில் காலை வைப்பார்.

கத்தினால் போவது பணம்

கேள்வியில் மகளே ஒப்புக்கொண்ட ஒரு வரிதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: "கத்திவிடுகிறேன்."

விவசாயிகளின் ஃபோனுக்குக் கிசான் தவணை என்ற பெயரிலேயே பொய்ச் செய்திகள் வருகின்றன. "உங்கள் தவணை நின்றுவிடும், இந்த ஃபைலைத் திறந்து விவரம் கொடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏ.பி.கே. ஃபைல் வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும். அவருடைய ஃபோனும் அப்படித்தான் சிக்கியிருக்கும். திறந்து பதிந்துவிட்டால் ஃபோனுக்கு வரும் ஓ.டி.பி. வரை மோசடிக்காரர் கைக்குப் போய்விடலாம்.

அப்பா மனதில் பதிய வேண்டியவை மூன்று. செயலியை ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். ஓ.டி.பி.யை ஃபோனில் கேட்கும் யாருக்கும், வங்கி என்று சொன்னாலும் சரி, ஆபீசர் என்று சொன்னாலும் சரி, சொல்லக் கூடாது. பணம் அனுப்புவதற்குத்தான் யு.பி.ஐ. பின் நம்பர், பணம் வருவதற்கு அது தேவையே இல்லை. இதோடு, பயிர்க்கடனும் மகசூல் பணமும் இருக்கும் கணக்கை யு.பி.ஐ.யில் சேர்க்காமல், ஓரிரண்டாயிரம் மட்டும் வைத்த வேறொரு கணக்கைச் சேர்த்தால் நஷ்டம் வந்தாலும் அதோடு நிற்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் ஏமாறலாம். படித்தவர்களே ஏமாறுகிறார்கள். அப்போது உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொன்னால், பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் நிறுத்திவைக்க வழி உண்டு. தாமதமாக ஆக அந்த வழி அடைபடும். ஆனால், ஒரு பொத்தானைத் தவறாகத் தொட்டதற்கே "எதையாவது தொட்டுக் கெடுத்து வைக்காதீங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர், இருபதாயிரம் போனதை மகளிடம் சொல்வாரா? இரண்டு நாள் மனதுக்குள் வைத்துக் குமைவார். அந்த இரண்டு நாளில் பணம் கண்காணாத இடத்துக்குப் போய்விடும். ஆகவே முதல் பாடத்தன்றே மகள் சொல்ல வேண்டிய வார்த்தை இது: "என்ன ஆனாலும் எனக்கு முதல்ல ஃபோன் பண்ணுங்கப்பா, நான் திட்ட மாட்டேன்." சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.

கேள்வி: "என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு கறவை மாடும் வீட்டுத் தோட்டமும் வைத்திருக்கிறார். அவருக்கு ஃபோன் பயன்படுமா?"
– வாசகர் ஒருவர், தருமபுரி மாவட்டம்.

பதில்: பயன்படும். எழுத்தை விட்டுவிட்டுக் குரலையும் படத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினாலே தேடித் தரும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பப் பழகினால் பிள்ளைகளுக்கும் வேளாண்மை அலுவலருக்கும் அவரே சேதி சொல்லலாம். செடியில் நோய் தென்பட்டால் வெயிலுக்கு எதிரே நிற்காமல் மூன்று படங்கள் எடுக்கச் சொல்லிக்கொடுங்கள்: இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், முழுச்செடி. பல பூச்சிகள் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். ஒரே படத்தை வைத்து மருந்து சொல்வது கஷ்டம்.

இரண்டு எண்களை அவர் அடையாளம் கண்டுகொள்ளும் படத்தோடு முகப்பில் வைத்துவிடலாம். மாட்டுப் படத்துக்குக் கால்நடை அவசர உதவி எண் 1962. செடிப் படத்துக்குக் கிசான் கால் சென்டர் எண் 1800 180 1551. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் கிடையாது. முதல் தடவை பிள்ளை பக்கத்தில் இருக்க, அம்மாவே பேசட்டும். மாட்டுக்கு என்ன என்பதைப் பிள்ளையைவிட அவர் தெளிவாகச் சொல்லுவார்.