காதலுக்குள்ள சாதியை இழுத்தது யாரு?

"காதல் படம்னு சொல்லிட்டு எதுக்கு சாதியை இழுக்குறீங்க?"

பா.இரஞ்சித்தின் "நட்சத்திரம் நகர்கிறது" 2022 ஆகஸ்ட் 31 அன்று வெளியானதிலிருந்து இந்தக் கேள்வியைத் தூக்கிக்கிட்டு ஒரு கூட்டம் அலையுது. தோழர்களே, இழுத்தது யாருன்னு படத்தின் முதல் காட்சியிலேயே இருக்கு. ரெனேவும் இனியனும் காதலர்கள். இளையராஜா பாட்டில் ஆரம்பிக்கிற சின்ன சண்டை. கோபம் வந்ததும் அவன் வாயிலிருந்து வந்து விழுறது அவளுடைய சாதி! படிச்சவன், நாடகக் கலைஞன், முற்போக்கு பேசுறவன்தான் அவனும். கட்டிலறை வரைக்கும் சாதியைக் கூட்டிட்டுப் போனது இயக்குநரா, இனியனா?

அப்புறம் அர்ஜுன். சினிமா நடிகனாகணும், அதுக்கு புதுச்சேரி நாடகக்குழு ஒரு ஏணி. அவ்வளவுதான் அவன் கணக்கு. கெட்டவன்னு ஒதுக்கவும் முடியாது, நம்ம தெருவில் தினம் பார்க்கிற பையன் மாதிரியே இருப்பான். குடிச்சிட்டு ரெனேகிட்ட அத்துமீறுகிறான். குழுவே கூடி விவாதிக்குது. "அவன் இருக்கட்டும்" என்று ரெனேதான் சொல்கிறாள். ஒருத்தனை விரட்டுவது சுலபம், மாத்துவதுதான் கஷ்டம். அவன் மாறத் தொடங்கும்போது குறுக்கே வந்து நிற்பது யாரு? பெற்ற தாய்! செத்துடுவேன்னு மிரட்டுறாங்க.

படம் ஏறக்குறைய மூணு மணி நேரம், சில இடத்தில் பேச்சு அதிகம்தான். இருக்கட்டும். அந்தக் குழு மேடையேத்தப் போறது காதல் பற்றிய நாடகம். "நாடகக் காதல்"னு ஒரு சொல்லைக் கண்டுபிடிச்சு, ஜீன்ஸ் பேண்ட்டையும் கூலிங் கிளாஸையும் காட்டி ஊர் ஊரா விஷம் விதைச்சவங்களுக்கு இதைவிட நல்ல பதில் வேற என்ன? முகமூடி போட்ட ஒருத்தன் கதாயுதத்தோட மேடையேறி அந்த நாடகத்தை அடிச்சு நொறுக்குகிறான். மிகைன்னு சிரிச்சாங்க சிலர்.

மிகையா? 2012 நவம்பரில் தர்மபுரி நாய்க்கன்கொட்டாய் பகுதியில் ஒரு காதல் திருமணத்தைச் சாக்கு வெச்சு காலனி வீடுகளைக் கொளுத்தினாங்களே, அது மிகையா? 2016 மார்ச் 13, பட்டப்பகலில், உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் பக்கத்தில் சங்கரை வெட்டிச் சாய்ச்சதைக் கேமரா காட்டுச்சே, அதுல முகமூடிகூட இல்லையே!

படத்தைப் பிடிக்கலைன்னு சொல்லுங்க, தப்பில்ல. ஆனா "இந்தக் காலத்துல யாருங்க சாதி பார்க்குறா"ன்னு மட்டும் சொல்லாதீங்க. இதைத் தடுக்க இந்திய சட்ட ஆணையம் 2012-லேயே தனிச்சட்ட வரைவு கொடுத்தது. மாவட்டந்தோறும் தனிப்பிரிவு, 24 மணி நேர உதவி எண், தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லம் வேணும்னு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சொன்னது. உங்க மாவட்டத்து உதவி எண் என்னன்னு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்க தோழர்களே. என்ன பதில் வந்ததுன்னு கீழே எழுதுங்க.

#ஆணவக்கொலைக்கு_எதிராகத்_தனிச்சட்டம்